நித்தியசுகத்தின் ஆரோக்கிய முதியவர்

எருமையின் மேல் எந்தத் தப்பும் இல்லை. அது ரெட்டியார்சத்திரம் போகிற சாலையோரம் புளியமரத்தடியில் தன் பாட்டுக்குப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. மரத்தின் நிழல்தானே என்று நினைத்து அதன் மேலேயே டிவிஎஸ் எக்ஸெல்லை ஏற்றப் போனவர் சூசைமுத்து. எருமை எழுந்து ஓரமாகப் போய்விட்டது. சூசைமுத்துவும் வண்டியும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய சம்பங்கி மூட்டையும் வாய்க்காலில் கிடந்ததைப் பார்த்து, பால்காரர் ஒருவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

எழுபத்தொரு வயதில் எலும்பு முறியாமல் தப்பித்ததற்காக மனைவி செபஸ்தியம்மாள் கோயிலுக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோனாள். மகன் ஸ்டீபன்ராஜ் வண்டிச் சாவியைக் கொண்டுபோனான். அவன் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் இயற்பியல் வாத்தியார். அச்சடித்து வருவதை மட்டும் நம்புகிற சாதி.

“ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் பண்ணி, கண்ணு சரியாயிருச்சுன்னு ஆஸ்பத்திரில சொன்னாத்தான் சாவி” என்று சொல்லிவிட்டு, வேளாங்கண்ணி மாதா படம் தொங்கும் அந்தச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வண்டி போனதில் சூசைமுத்துவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. சம்பங்கி காத்திருக்கிற பூ அல்ல. ஷேர் ஆட்டோவோ ஆள் நிரம்பாமல் நகர்கிற வாகனம் அல்ல. ஏலம் முடிந்த பிறகு போய்ச் சேருகிற பூவைச் சாவு வீட்டுக்குக்கூட எவனும் கேட்கமாட்டான். நான்கு முறை வாடின பூவோடு திரும்பி வந்த பிறகு, சரி, கண்ணைக் கொடுத்துச் சாவியை வாங்கிவிடுவோம் என்று அவர் தீர்மானித்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நித்தியசுகம் பல்துறை மருத்துவமனை பங்குக் கோயில் மண்டபத்தில் முகாம் போட்டது. பழனி சாலையில் கண்ணாடி மாளிகையாக நிற்கிறதே, அதே நித்தியசுகம். புரைக்கு இலவச அறுவைச் சிகிச்சை. ஒரே ஒரு நிபந்தனை: ரத்தப் பரிசோதனை முடிவில் தடித்த எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ரத்தத்தில் எது கூடினாலும் குறைந்தாலும் இயந்திரம் அதைத் தடித்த எழுத்தில் அச்சடித்துவிடும். தடித்த எழுத்து இருந்தால் ஆள் நோயாளி. நோயாளிக்கு நித்தியசுகத்தில் அறுவைச் சிகிச்சை செய்வதில்லை. ஆரோக்கியமானவர்களுக்கு மட்டும்தான்.

ரத்தம் எடுத்த பெண்ணின் பெயர் ஹுஸ்னா. ஊசி குத்துவதற்கு முன்னால் வயதைக் கேட்டாள்.

“எழுவத்தொண்ணு. ஏம்மா, வயசையும் மிசினு பாக்குமா?”

“கேக்கும் தாத்தா. கேட்டு எழுதிக்கும். பாக்காது.”

சூசைமுத்து இதை ஏதோ இயந்திர சமாச்சாரம் என்று விட்டுவிட்டார். முடிவு வந்தபோது யூரியா கொஞ்சம் கூடுதல், தடித்த எழுத்து. சர்க்கரை ஒரு மயிரிழை கூடுதல், தடித்த எழுத்து. ஆல்புமின் கொஞ்சம் குறைவு, அதுவும் தடித்த எழுத்து. ஸ்டீபன்ராஜ் அந்தத் தாளைப் பார்த்து, அப்பா இத்தனை நாள் உயிரோடு இருந்ததே பெரிது என்பதுபோல் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு துறைகள் ஆரம்பித்தன. சிறுநீரகத் துறையில் யூரியாவைக் குறைக்க நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். சூசைமுத்து சொல்பேச்சுக் கேட்கிறவர். தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற மாதிரி தண்ணீர் குடித்தார். யூரியா இறங்கியது, கூடவே ரத்தத்தில் உப்பும் இறங்கித் தடித்த எழுத்தானது. உணவியல் துறையில் உப்பைக் கூட்டி, ஆல்புமினுக்கு முட்டையும் பருப்பும் சாப்பிடச் சொன்னார்கள். ஆல்புமின் ஏறுவதற்குள் யூரியா முந்திக்கொண்டு ஏறியது. முட்டையை நிறுத்தச் சொன்னது சிறுநீரகத் துறை. நிறுத்தினால் சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவர் என்று எழுதுவோம் என்றது உணவியல் துறை.

“கண்ணுக்குன்னு போனவுக முட்டையத் திங்கலாமா வேணாமான்னு மாசக்கணக்காக் கேட்டுக்கிட்டு வாராக” என்றாள் செபஸ்தியம்மாள். “ஒருத்தராச்சும் ஒங்க கண்ணப் பாத்தாகளா?”

யோசித்துப் பார்த்தால் யாரும் பார்க்கவில்லைதான். கண் துறை மூன்றாம் மாடியில் இருந்தது. அங்கே போகிற மின்தூக்கியை, தடித்த எழுத்து இல்லாதவர்களுக்கு மட்டுமே திறந்தார்கள்.

கடைசியில் விவகாரம் அறுவைக்கு முந்தைய ரத்தத் தகுதி நிர்ணயக் குழுவுக்குப் போனது. குழு கூடும்போதெல்லாம் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். மூத்தோரை மதிப்பது நித்தியசுகத்தின் மரபு என்பதால், வந்திருக்கிற நோயாளிகளில் வயதானவரை அழைத்து ஏற்றச் சொல்வார்கள். அன்று சூசைமுத்துவை அழைத்தார்கள். கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்ததும் அவர் பயபக்தியோடு போய், மஞ்சளாக எது தெரிந்ததோ அதில் வைத்தார். அது குழுத் தலைவர் டாக்டர் பொன்னழகுவின் சரிகைச் சால்வை.

சால்வையை அணைத்து முடித்ததும் குழு இதைத் தீவிரமாக விவாதித்தது. கைநடுக்கமாக இருக்கலாம் என்று நரம்பியல் துறைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

“நடுக்கமெல்லாம் இல்லைங்கய்யா. கண்ணு தெரியலை. அதுக்குத்தான் வந்துருக்கேன்” என்றார் சூசைமுத்து.

“கண்ணைப் பற்றி இந்தக் குழு பேச முடியாது, பெரியவரே. எங்கள் அதிகார வரம்பு ரத்தம் மட்டும்தான்” என்றார் பொன்னழகு.

“அப்பச் செத்த நேரம் ரத்தத்தையே பேசுவோம். கூடுதல், கொறைச்சல்ங்கிறீகளே, யாரு ரத்தத்த வச்சு அளக்குறீக?”

டாக்டர் பொன்னழகு நிமிர்ந்து உட்கார்ந்தார். பெருமையோடு பேசுவதற்கு அவருக்குப் பிடித்த விஷயம் அது.

“நல்ல கேள்வி. வெளிநாட்டு அளவுகோலை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. இந்த மண்ணின் ரத்தத்தை வைத்து, இந்த மண்ணுக்கென்றே ஓர் அளவுகோல் செய்திருக்கிறோம். மருத்துவமனை தொடங்கியபோது எங்கள் செவிலியர் கல்லூரியின் முதலாண்டு மாணவியர் அனைவரிடமும் ரத்தம் எடுத்தோம்.”

“ஏன் அந்தப் புள்ளைககிட்ட?”

“அவர்களால் மறுக்க முடியாது. அதைவிட நல்ல மாதிரி கிடைக்குமா?”

தம்முடைய நோய் என்னவென்று சூசைமுத்துவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவருடைய ரத்தம் பதினெட்டு வயது நர்சிங் மாணவியின் ரத்தம்போல் இல்லை.

“அய்யா, தலை நரைச்சிருச்சு, பல்லு பாதி இல்லை. அதையெல்லாம் வயசுக்குச் சரிங்கிறீக. ரத்தம் மட்டும் வயசாகாம உள்ள உக்காந்திருக்குமா? அதுக்கும் எழுவத்தொரு வருசம் ஓடுன அலுப்பு இருக்கும்ல?”

குழு இதை முதலில் அவமதிப்பாக எடுத்துக்கொண்டது. பிறகு தேநீர் வந்தது. தேநீருக்குப் பிறகு அதை ஒரு திட்டமாக எடுத்துக்கொண்டது. ‘மாவட்ட முதியோர் ரத்த அளவுகோல் திட்டம்’ என்று அங்கேயே பெயர் வைத்தார்கள். அறுபது வயதைக் கடந்த ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை எடுத்து, முதியோருக்கென்று தனி எல்லை வகுப்பார்கள். அந்த எல்லைக்குள் வருகிற சூசைமுத்துவுக்கு உடனே அறுவைச் சிகிச்சை. அன்று மாலை மகனிடம், சாவிக்கு எண்ணெய் போட்டு வை என்று சூசைமுத்து சொன்னார்.

மாவட்டம் முழுக்க ஒலிபெருக்கி போனது. ஆத்தூரிலிருந்து வேனில் வந்தார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி லாரியிலேயே வந்தார்கள். தினமும் அணையைச் சுற்றி நடக்கிறவர், எண்பது வயதில் கிணறு இறைக்கிற கமலைக்குக் கயிறு திரிக்கிறவர், ஆஸ்பத்திரி வாசலையே அதுவரை மிதிக்காத கிழவிகள் எல்லாரும் கையை நீட்டினார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் திருப்பி அனுப்பினார்கள்.

காரணம் எளிது. திட்டத்துக்கு ஆரோக்கியமான முதியவர்கள் வேண்டும். ஆரோக்கியமானவர் என்றால் ரத்தத்தில் தடித்த எழுத்து இல்லாதவர். தடித்த எழுத்தை முடிவு செய்வது நர்சிங் மாணவியரின் ரத்தம். ஆக, முதியோரின் ரத்தம் எப்படி வேறுபடுகிறது என்று கண்டுபிடிக்க, ரத்தம் வேறுபடாத முதியவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இதில் ஏதோ சுற்றிச் சுற்றி வருகிறதே என்று ஸ்டீபன்ராஜுக்கே ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் திட்ட விளக்கத்தை வழவழப்பான தாளில் அச்சடித்திருந்ததால் அவன் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

அப்போதுதான் தொப்பம்பட்டியிலிருந்து ஈஸ்வரன் வந்து சேர்ந்தான்.

தென்னை ஏறுகிற ஆள். வயது முப்பத்தெட்டு. ஆனால் ஆதார் அட்டையில் அறுபத்தொன்பது. அட்டை எடுக்கப் போன அன்று அப்பனும் மகனும் ஒன்றாகப் போயிருந்தார்கள். அப்பனின் பிறந்த வருடத்தை மகனுக்குப் போட்டுவிட்டார்கள். அப்பன் காலமாகிவிட்டார், வருடம் மட்டும் மகனிடம் தங்கிவிட்டது. அன்று முதல் பெண் பார்க்கப் போகிற இடமெல்லாம் அட்டையைக் கேட்டு, அட்டையைப் பார்த்துவிட்டு, மோர் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தரகர் கடைசியாகக் கொண்டுவந்த பெண்ணுக்கு ஐந்து பேரன் பேத்திகள்.

“ஏனுங்க, வயசானவங்க ரத்தம் வேற மாதிரி இருக்குமின்னு இங்க கண்டுபுடிக்கறாங்கன்னாங்க” என்று வரிசையில் பக்கத்தில் நின்ற சூசைமுத்துவிடம் சொன்னான். “என்ற ரத்தத்தப் பாத்தா இளவட்டம்னு தெரிஞ்சு போயிருமுங்கல்ல? ஒரு சர்டிபிகேட் குடுத்தாங்கன்னா, அட்டைய மாத்திப் போடுவேனுங்க. கல்யாணம் ஆயிருமுங்க.”

ஈஸ்வரனின் ரத்தத்தில் ஒரு தடித்த எழுத்துகூட இல்லை. நித்தியசுகம் அன்று அதிர்ந்தது. தாதியர் ஓடினார்கள், மருத்துவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். டாக்டர் பொன்னழகு தாமே இறங்கி வந்து ஈஸ்வரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அறுபத்தொன்பது வயதில் இப்படி ஒரு ரத்தமா? ஐயா, நீங்கள்தான் இந்த மாவட்டத்தின் ஆரோக்கிய முதியவர்.”

“இல்லீங்க, நானு முதியவர் இல்லீங்க. அதைச் சொல்லத்தானுங்க வந்தேன்.”

“உங்களைப்போல் மனதளவில் இளமையாக இருப்பவர்களால்தான் ரத்தமும் இளமையாக இருக்கிறது” என்றார் பொன்னழகு.

சூசைமுத்துவால் பொறுக்க முடியவில்லை. “அய்யா, எனக்கு ரெண்டு கண்ணும் பொகை. எனக்கே தெரியுது, இது சின்னப் பயன்னு. கொரலக் கேளுங்க, கையத் தொட்டுப் பாருங்க.”

“பெரியவரே, அறிவியலில் பார்த்துச் சொல்வது செல்லாது. ஆவணம் அறுபத்தொன்பது என்கிறது. ரத்தம் ஆரோக்கியம் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாம் யார்?”

ஈஸ்வரனுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். வயது அறுபத்தொன்பது என்பதை நித்தியசுகம் மருத்துவரீதியாக உறுதி செய்கிறது என்று அதில் போட்டிருந்தது. அதுவரை அட்டையில் மட்டும் கிழவனாக இருந்தவன் இப்போது வைத்திய சாஸ்திரப்படியும் கிழவனானான்.

முதியோருக்கான புதிய அளவுகோலும் தயாரானது. பழைய அளவுகோலில் இதிலிருந்து அதுவரை என்று இரண்டு எண்கள் இருந்தன. இப்போது திட்டத்தில் தேறியவர் ஒருவரே என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்தான். ஈஸ்வரனின் எண். மாவட்டத்துக் கிழவர்கள் அத்தனை பேரும், தென்னை ஏறுகிற முப்பத்தெட்டு வயதுக்காரனின் ரத்தத்தோடு கூடாமல் குறையாமல் ஒத்துப்போக வேண்டும். சூசைமுத்துவின் அடுத்த பரிசோதனை முடிவில் அவருடைய பெயர் மட்டும்தான் மெல்லிய எழுத்தில் இருந்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் நேராகப் பொன்னழகுவின் அறைக்குப் போனார். எத்தனை மாதம்தான் ஒரு மனிதன் பொறுத்துக்கொள்வான். பூந்தோட்டம் பாதி கருகிவிட்டது. பொன்னழகு நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகத்தில் பெரிதாக, கறுப்பாக என்னவோ இருந்தது.

“கண்ணாடிங்களா அய்யா? என்னாச்சு?”

“போன வாரம் கண்ணில் புரை எடுத்தேன்.”

“இங்கயா?”

“மதுரையில்.”

“ரத்தம் பாக்கலையா அவுக?”

“பார்த்தார்கள். வயசுக்கு இதெல்லாம் இருக்கும்தான், ஒன்றும் பயமில்லை என்று அன்றைக்கே செய்துவிட்டார்கள்.”

“அப்ப அய்யா ரத்தத்தை இங்க பாத்தா தடிச்ச எழுத்து வருமோ?”

“நான் இங்கே ரத்தம் கொடுப்பதில்லை, பெரியவரே. தலைவரே பரிசோதனைக்கு உட்பட்டால் குழுவின் நடுநிலை கெட்டுவிடும் இல்லையா?”

அவர் இதைச் சிரிக்காமல்தான் சொன்னார். சூசைமுத்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, மகனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், செபஸ்தியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு மதுரை பஸ் ஏறினார்.

அங்கே யூரியாவைப் பார்த்த இளம் டாக்டரம்மா, “வயசுக்கு ஓகே தாத்தா, படுங்க” என்றாள். அவ்வளவுதான். கட்டுப் பிரித்த அன்று சூசைமுத்து முதலில் பார்த்தது மனைவியின் முகத்தை. ‘இம்புட்டு நரைச்சிருச்சா ஒனக்கு’ என்று கேட்க வாயெடுத்து, நல்லவேளையாக மூடிக்கொண்டார். மனசு நிறைந்து கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணை நனைக்கக் கூடாது என்று தாதி திட்டினாள்.

ஆனால் ஸ்டீபன்ராஜ் சாவியைக் கொடுக்கவில்லை. “நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. ஆனா நம்ம நித்தியசுகத்துலயும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்ப்பா. எனக்கு மனசு கேக்கும்” என்றான். பயந்தவன். வாய்க்காலில் அப்பா கிடந்த கோலத்தை அவனால் மறக்க முடியவில்லை. அது தெரிந்ததால் சூசைமுத்து கோபப்படவில்லை.

ஒரு வார்த்தை வாங்க நல்ல நாளும் வாய்த்தது. ஆரோக்கிய முதியவருக்குப் பாராட்டு விழா. மாலைக்குச் சம்பங்கி கேட்டு நித்தியசுகமே ஆள் அனுப்பியிருந்தது. மகன் வண்டி ஓட்ட, சூசைமுத்து மாலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனார். பின் இருக்கையில் உட்காருவது அவருக்குப் பிடிக்கவே இல்லை. போய் இறங்கியதும் ஸ்டீபன்ராஜ் பொன்னழகுவிடம் மதுரைச் சிகிச்சையைச் சொல்லி, கண் சரி என்று ஒரு வார்த்தை கேட்டுவைத்தான்.

மேடையில் பொன்னழகு முழங்கிக்கொண்டிருந்தார்.

“இளையோர் ரத்தம் வேறு, முதியோர் ரத்தம் வேறு என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. நித்தியசுகம் அதைத் தகர்த்துவிட்டது. ஆரோக்கியமான முதியவரின் ரத்தத்துக்கும் இளைஞரின் ரத்தத்துக்கும் அணுவளவும் வேறுபாடு இல்லை. அப்படியானால் மற்ற முதியவர்களுக்கு என்ன குறை? அவர்கள் முயலவில்லை. முதுமை என்பது ஒழுங்கீனம்.”

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் பார்வை முன்வரிசையில் மாலையோடு நின்ற சூசைமுத்துவின் மேல் விழுந்தது.

“இதோ, இந்தப் பெரியவரைப் பாருங்கள். சால்வைக்கும் விளக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் எங்களிடம் வந்தவர். எங்கள் ஆலோசனைகளை அப்படியே பின்பற்றினார். எங்கள் மருத்துவமனையில் எந்த அறுவைச் சிகிச்சையும் இல்லாமல் இன்று பார்வை பெற்று நிற்கிறார். மேலே வாருங்கள். எல்லாம் தெரிகிறதா என்று நீங்களே மக்களுக்குச் சொல்லுங்கள். நாங்களும் இங்கேயே கண் சரி என்று அறிவித்துவிடுகிறோம்.”

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். சூசைமுத்து கீழே மகனைப் பார்த்தார். அவன் சட்டைப் பைக்கு வெளியே சாவிக்கொத்தின் மாதா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘தெரியுது’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாளைக் காலை சம்பங்கியோடு மார்க்கெட்டில் நிற்கலாம்.

பக்கத்துச் சிம்மாசனத்தில் ஈஸ்வரன் உட்கார்ந்திருந்தான். சூசைமுத்து அவனை இப்போதுதான் தெளிவாகப் பார்க்கிறார். கருகருவென்று மீசை. சட்டையைப் பிடிக்கிற தோள். பட்டுச் சால்வைக்குள் வியர்த்துப்போய், கல்யாண வீட்டில் வழி தெரியாமல் நிற்கிறவன் மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியுதுங்கய்யா” என்றார் சூசைமுத்து மைக்கில். “மேடையில அம்புட்டுப் பேரும் பளிச்சுன்னு தெரியிறாக. ஒங்க சால்வையில நான் பொசுக்குன ஓட்டைகூடத் தெரியுது. அந்த ஆரோக்கியமான முதியவரு மட்டுந்தான் எங்க இருக்காருன்னு தெரியலை.”

பந்தலில் முதலில் ஆத்தூரிலிருந்து வந்த கிழவிகளில் ஒருத்தி சிரித்தாள். அவள் சிரித்ததும் திருப்பி அனுப்பப்பட்ட அத்தனை கிழடுகளும் சிரித்தன. ஈஸ்வரன் எழுந்தான், சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டான்.

“கேட்டீங்களா? கண்ணு தெரிஞ்சவரு சொல்றாருங்க” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு மேடையிலிருந்து ஒரே தாவில் குதித்தான்.

குழு மேடையிலேயே அவசரமாகக் கூடியது. முதியவர் கண்முன்னால் இருந்தும் இவருக்குத் தெரியவில்லை என்பதால், மதுரைச் சிகிச்சை பலனளிக்கவில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. சூசைமுத்து மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வர வேண்டும் என்று பொன்னழகு ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

சூசைமுத்து இறங்கி வந்தார். போச்சு, சாவி போச்சு என்று நினைத்தபடி, பழக்கமாகிப்போன பின் இருக்கைப் பக்கம் போய் நின்றார். ஸ்டீபன்ராஜ் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காது சிவந்திருந்தது. பிறகு அப்பாவின் உள்ளங்கையை விரித்து அதில் சாவியை வைத்துவிட்டு, தானே பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

“மொதல்ல வழியில எங்கயாச்சும் வயிறாரச் சாப்புடுவோம்ப்பா” என்றான்.

ரெட்டியார்சத்திரம் சாலையில் புளியமரத்தடி வந்தது. எருமை அங்கேயேதான் படுத்திருந்தது. சூசைமுத்துவுக்கு அது எருமையாகவே தெரிந்தது. ஒரு ஹாரன் அடித்து, சுற்றிக்கொண்டு போனார்.